முத்துப்பிள்ளையின் ஈஸ்ட்ரோஜன் யாருடையது?

கரு சரியாக உருவாகாமல் நஞ்சுக்கொடித் திசு நீர்க்கொப்புளங்களாகப் பெருகுவதைத்தான் முத்துப்பிள்ளை கர்ப்பம் என்கிறார்கள். அதுதான் என்று ஸ்கேனில் தெரிந்த பிறகு என் தங்கை அழுததைவிடக் கேள்வி கேட்டதுதான் அதிகம். அவற்றில் ஒன்று என்னை விடவே இல்லை. "உள்ளே குழந்தையே இல்லை என்கிறார்கள் அக்கா. அப்படியானால் மார்பு ஏன் அப்படிக் கனத்து வலித்தது? எதற்காக இத்தனை வாந்தி? என் உடம்புக்கு அதுகூடவா தெரியாது?" பக்கத்தில் இருந்த உறவுக்காரப் பெரியம்மா ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு, "எல்லாம் நினைப்புதான் அம்மா. குழந்தை வேண்டும் என்று ஏங்கிக்கொண்டே இருந்தாய், உடம்பும் அப்படியே காட்டிவிட்டது" என்றார். தங்கை வாயடைத்துப்போனாள். எனக்கு வந்த கோபம் இன்னும் முழுதாக அடங்கவில்லை. நான் மருத்துவர் அல்ல. கல்லூரியில் உயிர்வேதியியல் சொல்லிக்கொடுப்பவள். ஸ்டீராய்டு ஹார்மோன்கள் உருவாகும் பாதையை ஆண்டுதோறும் கரும்பலகையில் வரைகிறவள். அவள் இரத்தப் பரிசோதனை அறிக்கை என் கையில்தான் இருந்தது. நஞ்சுக்கொடித் திசு சுரக்கும் கர்ப்ப ஹார்மோனான எச்.சி.ஜி.யின் அளவு ஒரு மில்லிலிட்டருக்கு 1,00,000 மில்லி யூனிட்டை எப்போதோ தாண்டியிருந்தது. ஏக்கத்தினால் எந்தப் பெண்ணின் இரத்தத்திலும் எச்.சி.ஜி. ஊறுவதில்லை.

எச்.சி.ஜி. பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். முத்துப்பிள்ளையைச் சந்தேகிப்பதற்கும், கருப்பையைச் சுத்தம் செய்தபின் கண்காணிப்பதற்கும் அதுதான் அளவுகோல். ஆனால் மார்பு கனப்பதற்கும், கருப்பை பெருப்பதற்கும், கர்ப்பம் என்று உடல் உணரும் மாற்றங்களில் பலவற்றுக்கும் நேரடிப் பொறுப்பு ஈஸ்ட்ரோஜனுக்கும் புரோஜெஸ்டிரோனுக்கும்தான். எனவே தங்கையின் கேள்வியை நான் ஈஸ்ட்ரோஜன் பக்கமிருந்து தேடத் தொடங்கினேன். தேடியதும் ஒரு முரண்பாடு எதிரே வந்து நின்றது. பழைய ஆய்வுகள் முத்துப்பிள்ளையில் ஈஸ்ட்ரோஜன் குறைவு என்கின்றன. பின்னால் வந்தவை, ஆரம்ப மாதங்களில் அது இயல்பான கர்ப்பத்துக்கு நிகராக இருக்கும், சிலரிடம் அதற்கு மேலும் இருக்கும் என்கின்றன. ஒரு பெண்ணின் உடலில் ஒரே ஹார்மோன் எப்படிக் குறைவாகவும் நிறைவாகவும் இருக்க முடியும்? அகப்பட்டவற்றையெல்லாம் படித்தேன். விடை கிடைத்தபோது, அது தங்கையின் கேள்விக்கும் சேர்த்தே விடையாக இருந்தது.

ஒரு பெயரில் நான்கு பேர்

ஈஸ்ட்ரோஜன் என்பது ஒரு ஹார்மோன் அல்ல, ஒரு குடும்பம் என்பதைப் பாடப்புத்தகம் முதல் வரியிலேயே சொல்லிவிடும். ஈஸ்ட்ரோன், ஈஸ்ட்ரடயால், ஈஸ்ட்ரியால், கருவுற்ற காலத்தில் மட்டும் தோன்றும் ஈஸ்டெட்ரால் ஆகியவை அதன் உறுப்பினர்கள். சொல்லிவிட்டு, அடுத்த பக்கத்திலேயே நான்கையும் மறுபடி ஒரே பெயருக்குள் அடைத்துவிடும். குழப்பத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது.

இவற்றின் வரலாறே கர்ப்பிணிகளின் சிறுநீரில்தான் தொடங்குகிறது. 1929-இல் அமெரிக்காவில் எட்வர்ட் டாய்சியும் ஜெர்மனியில் அடால்ஃப் பூட்டெனான்ட்டும் தனித்தனியே ஈஸ்ட்ரோனைப் பிரித்தெடுத்தது கர்ப்பிணிகளின் சிறுநீரிலிருந்து. அடுத்த ஆண்டு கை மாரியன் ஈஸ்ட்ரியாலைப் பிரித்தெடுத்ததும் அதிலிருந்துதான். காரணம் எளிது: வேறு எங்கும் அது அந்த அளவில் கிடைக்காது. கருவுறாத பெண்ணோடு ஒப்பிட்டால், பிரசவத்தை நெருங்கும் பெண்ணின் சிறுநீரில் ஈஸ்ட்ரியால் சுமார் 1,000 மடங்கு வெளியேறுகிறது. 1960-களில் மருத்துவமனைகள் 24 மணி நேரச் சிறுநீரைச் சேகரித்து ஈஸ்ட்ரோஜனை அளந்தபோது, அந்த மொத்தத்தில் பெரும்பங்கு இந்த ஈஸ்ட்ரியால்தான். எனவே முத்துப்பிள்ளை உள்ள பெண்ணின் சிறுநீரை அதே முறையில் அளந்து "ஈஸ்ட்ரோஜன் குறைவு" என்று எழுதியவர்கள் உண்மையில் பார்த்தது ஈஸ்ட்ரியாலின் வீழ்ச்சியை. 1970-களில் இரத்தத்திலேயே ஒவ்வொரு ஹார்மோனையும் தனித்தனியே அளக்கும் நுட்பம் பரவியது. அப்போது ஈஸ்ட்ரடயாலை மட்டும் எடுத்துப் பார்த்தவர்களுக்கு வேறொரு படம் தெரிந்தது. இரு தரப்பும் சரியாகவே அளந்திருக்கிறார்கள். அளந்த பொருள் வேறு.

இந்த இடத்திலேயே நான் நிறுத்தியிருக்கலாம். முரண்பாடு தீர்ந்துவிட்டது. ஆனால் ஈஸ்ட்ரியால் மட்டும் ஏன் விழ வேண்டும், ஈஸ்ட்ரடயால் ஏன் நிற்க வேண்டும் என்ற கேள்வி அப்படியே இருந்தது.

நஞ்சுக்கொடியால் தனியே முடியாத வேலை

நஞ்சுக்கொடியை ஒரு ஹார்மோன் தொழிற்சாலை என்று சொல்வது வழக்கம். புரோஜெஸ்டிரோனைப் பொறுத்தவரை அது சரி. தாயின் இரத்தத்தில் வரும் கொலஸ்டிராலை எடுத்து, யாருடைய உதவியும் இல்லாமல் அது புரோஜெஸ்டிரோனைத் தயாரித்துவிடுகிறது. சிசு இறந்துபோனாலும், நஞ்சுக்கொடியில் உயிர் இருக்கும்வரை அந்த வேலை சில காலம் நடந்துகொண்டிருக்கும். ஈஸ்ட்ரோஜன் விஷயத்தில் அதற்கு ஒரு பெரிய ஊனம் இருக்கிறது. புரோஜெஸ்டிரோனில் 21 கார்பன் அணுக்கள், ஈஸ்ட்ரோஜனில் 18. இரண்டுக்கும் நடுவில் 19 கார்பன் கொண்ட ஆண்ட்ரோஜன் என்ற கட்டத்தைக் கடந்தாக வேண்டும். 21-ஐ 19 ஆக வெட்டும் நொதி மனித நஞ்சுக்கொடியில் கிட்டத்தட்ட இல்லை. ஆகவே 19 கார்பன் கொண்ட மூலப்பொருளை அது வெளியிலிருந்து வாங்கியாக வேண்டும். கொடுப்பவர்கள் இரண்டே பேர்: சிறுநீரகத்தின் மேலே அமர்ந்திருக்கும் தாயின் அட்ரினல் சுரப்பி, சிசுவின் அட்ரினல் சுரப்பி. இருவரும் கொடுப்பது டி.எச்.இ.ஏ. சல்ஃபேட் என்ற ஒரே பொருளைத்தான்.

சிசுவின் அட்ரினல் சுரப்பி ஓர் அதிசயம். உடல் அளவோடு ஒப்பிட்டால் பெரியவர்களுடையதைவிடப் பல மடங்கு பெரியது. பிறந்தபின் அதன் பெரும்பகுதி தானாகவே சுருங்கி மறைந்துவிடும். கருவறைக்குள் இருக்கும்வரை அதன் முக்கிய வேலைகளில் ஒன்று இந்த மூலப்பொருளைக் கொட்டிக்கொண்டே இருப்பது. அது சுரப்பதைச் சிசுவின் கல்லீரல் பிடித்து, 16-ஆம் கார்பனில் ஒரு ஹைட்ராக்சில் தொகுதியைச் சேர்க்கிறது. பிறகு நஞ்சுக்கொடிக்கு வருகிறது. நஞ்சுக்கொடி சல்ஃபேட்டைக் கழற்றி, அரோமடேஸ் என்ற நொதியால் ஈஸ்ட்ரியாலாக மாற்றித் தாயின் இரத்தத்தில் விடுகிறது. சிசு, நஞ்சுக்கொடி இரண்டையும் ஒரே அலகாகப் பார்க்க வேண்டும் என்ற கருத்தை 1960-களில் ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் எகோன் டிச்ஃபலூசி நிலைநாட்டினார். ஈஸ்டெட்ராலைக் கண்டறிந்ததும் அவருடைய குழுதான், 1965-இல். இந்த நான்காவது ஈஸ்ட்ரோஜன் முழுக்க முழுக்கச் சிசுவின் கல்லீரலின் கைவரிசை.

நிறைமாதத்தை நெருங்கும் இயல்பான கர்ப்பத்தில், ஈஸ்ட்ரடயாலின் மூலப்பொருளில் ஏறக்குறைய பாதி தாயிடமிருந்தும் பாதி சிசுவிடமிருந்தும் வருகிறது. ஈஸ்ட்ரியாலில் சுமார் 90 சதவீதத்துக்குச் சிசுதான் பொறுப்பு. மீதியைத் தாயின் உடல் எப்படியோ ஒப்பேற்றுகிறது. கருவுறாத பெண்ணின் உடலிலும் கல்லீரல் வழியாகக் கொஞ்சம் ஈஸ்ட்ரியால் உருவாகத்தான் செய்கிறது. இந்த இரண்டு எண்களையும் நான் எத்தனையோ முறை மாணவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். தேர்வில் ஒரு மதிப்பெண் கேள்வியாகவும் கேட்டிருக்கிறேன்.

சிசு இல்லாத படம்

தங்கைக்குக் கருப்பையைச் சுத்தம் செய்த அன்று இரவு, அவள் தூங்கியபின், அறிக்கையின் பின்பக்கத்தில் அந்தப் படத்தை வரைந்தேன். மூன்று கட்டங்கள்: இடப்பக்கம் தாய், நடுவில் நஞ்சுக்கொடி, வலப்பக்கம் சிசு. வகுப்பில் வரைகிற அதே படம், அதே அம்புக்குறிகள். பிறகு வலப்பக்கக் கட்டத்தைக் குறுக்கே கோடு போட்டு அடித்தேன். அதிலிருந்து கிளம்பிய அம்புகளையும் ஒவ்வொன்றாக அடித்தேன். ஈஸ்டெட்ரால் முழுதாகப் போய்விட்டது. ஈஸ்ட்ரியாலுக்கு வந்த தடித்த அம்பு போய், தாயிடமிருந்து வரும் மெல்லிய கோடு மட்டும் மிஞ்சியது. ஈஸ்ட்ரடயாலுக்கான அம்புகளில் ஒன்று போனது. தாயின் அட்ரினலிலிருந்து கிளம்பி நஞ்சுக்கொடித் திசுவுக்குள் நுழையும் மற்றொன்று அப்படியே இருந்தது. பல பத்தாண்டு ஆய்வுகள் சொன்ன முடிவு அந்தத் தாளில் தானாக வந்து உட்கார்ந்துவிட்டது. முத்துப்பிள்ளையில் உருவாகும் ஈஸ்ட்ரோஜன் பெரும்பாலும் ஈஸ்ட்ரடயால். ஈஸ்ட்ரியால் மிகவும் குறைவு.

ஆரம்ப வாரங்களில் ஈஸ்ட்ரடயால் ஏன் இயல்பான கர்ப்பத்துக்கு நிகராக இருக்கிறது என்பதும் அந்தப் படத்திலேயே தெரிகிறது. ஆறாவது, ஏழாவது வாரத்தில் எந்தக் கர்ப்பத்திலும் சிசுவின் பங்கு பெரிதாக இல்லை. முதலில், சினைப்பையில் முட்டை வெளியேறிய இடத்தில் உருவாகும் கார்பஸ் லூட்டியம் சுரக்கிறது. ஏழாவது வாரத்துக்கும் ஒன்பதாவது வாரத்துக்கும் இடையில் பொறுப்பு நஞ்சுக்கொடிக்குக் கைமாறுகிறது. சிசுவின் அட்ரினல் சூடுபிடிப்பது அதன் பின்னர்தான். எனவே பத்தாவது வாரத்தில் ஒரு முத்துப்பிள்ளையையும் ஓர் இயல்பான கர்ப்பத்தையும் அருகருகே வைத்து ஈஸ்ட்ரடயாலை மட்டும் அளந்தால், எது எது என்று பிரித்துச் சொல்ல முடியாமல் போகலாம். மாதங்கள் ஏற ஏற, இயல்பான கர்ப்பத்தில் சிசுவின் பங்கு சேர்ந்து அளவு ஏறிக்கொண்டே போகும். மாதவிடாய்ச் சுழற்சியின் உச்சத்தில் ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் சில நூறு பிகோகிராம் இருந்த ஈஸ்ட்ரடயால், நிறைமாதத்தில் 10,000-ஐத் தாண்டிவிடும். முத்துப்பிள்ளைக்கு அந்த ஏற்றம் கிடையாது, ஏனென்றால் ஏற்றிவிட ஆள் இல்லை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: முத்துப்பிள்ளை உள்ள பெண்களிடையே ஈஸ்ட்ரடயால், புரோஜெஸ்டிரோன் அளவுகள் ஆளுக்கு ஆள் மிகவும் வேறுபடுகின்றன. திசு எவ்வளவு வளர்ந்திருக்கிறது, சினைப்பை எவ்வளவு தூண்டப்பட்டிருக்கிறது என்பதையெல்லாம் பொறுத்தது அது. ஒரே எண்ணில் அடக்கிச் சொல்கிற எவரையும் நான் நம்புவதில்லை.

அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தபோதுதான் நான் எதிர்பாராத ஒன்று கண்ணில் பட்டது. சிசுவே உருவாகாத முழுமையான முத்துப்பிள்ளை (தங்கைக்கு வந்த வகை) எப்படி உருவாகிறது என்பதை 1977-இல் காஜீ, ஓஹாமா என்ற ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். தாயின் குரோமோசோம்கள் இல்லாத கருமுட்டைக்குள் விந்தணு நுழைகிறது. பெரும்பாலும் ஒரே விந்தணு. அதன் 23 குரோமோசோம்கள் இரட்டித்து 46 ஆகின்றன. சிலவற்றில் இரண்டு விந்தணுக்கள் நுழைகின்றன. எப்படியானாலும் 46-ம் தந்தையுடையவை. மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள சொற்ப டி.என்.ஏ.வைத் தவிர, அந்தத் திசுவின் உட்கருவில் தாயின் மரபணு ஒன்றுகூட இல்லை. தாயிடமிருந்து வந்த பிரதி மட்டுமே வேலை செய்யக்கூடிய பி57 என்ற புரதத்தை நோயியல் நிபுணர்கள் திசுவில் தேடுவதும் இதனால்தான். முழுமையான முத்துப்பிள்ளையில் அது தென்படாது. நஞ்சுக்கொடியின் நுண்விரல்கள் ஒவ்வொன்றும் நீர் கோத்து, முத்துச் சரம்போலக் கொப்புளித்து நிற்கும் அந்தத் திசு, மரபியல் கணக்கில் என் தங்கைக்கு முற்றிலும் அயலார். ஆனால் அது வெளியிட்ட ஈஸ்ட்ரோஜன்? அதன் மூலப்பொருள் அவளுடைய அட்ரினல் சுரப்பி, அவளுடைய கொலஸ்டிரால். இயல்பான கர்ப்பத்தில் தாயும் பிள்ளையும் பங்குபோட்டுக்கொள்ளும் வேலையை, முத்துப்பிள்ளையில் தாய் ஒருத்தியே செய்திருக்கிறாள்.

மறுநாள் காலை அந்தத் தாளை அவளிடம் காட்டி, அம்பு அம்பாக விளக்கினேன். அவள் பொருளாதாரம் படித்தவள், வேதியியல் பிடிக்காது. இருந்தாலும் குறுக்கே பேசாமல் கேட்டாள். கடைசியில், "அப்படியென்றால் அந்த ஹார்மோன் என்னுடையதுதானா?" என்றாள். "முழுக்க உன்னுடையது. அதை உருமாற்றியது மட்டும் அந்தத் திசு" என்றேன். "நான் கற்பனை செய்யவில்லை." இதை அவள் கேள்வியாகக் கேட்கவில்லை. "இல்லை" என்றேன். "உன் இரத்தத்தில் ஓடிய ஈஸ்ட்ரடயாலும், இயல்பான கர்ப்பமாக இருந்த உன் தோழியின் இரத்தத்தில் அதே மாதத்தில் ஓடிய ஈஸ்ட்ரடயாலும் ஒரே மூலக்கூறு. உன் மார்பு அதற்கு எப்படிப் பதில் சொல்ல வேண்டுமோ அப்படித்தான் சொன்னது."

வாந்தியைப் பற்றி மட்டும் நான் வாக்குக் கொடுக்கவில்லை. மசக்கைக்கு ஈஸ்ட்ரோஜனைப் பொறுப்பாக்குவது பழைய வழக்கம். 2023 டிசம்பரில் வெளியான ஓர் ஆய்வு, ஜி.டி.எஃப்.15 என்ற புரதத்தை முதன்மைக் காரணமாகச் சுட்டியது. அது நஞ்சுக்கொடியிலிருந்து பெருமளவில் தாயின் இரத்தத்துக்கு வருகிறது. மூளைத்தண்டில் குமட்டலைத் தூண்டும் இடத்தில் வேலை செய்கிறது. முத்துப்பிள்ளையில் நஞ்சுக்கொடித் திசு அளவுக்கு மீறிப் பெருகுகிறது என்பதை நினைத்தால், வாந்தி ஏன் கடுமையாக இருந்தது என்பதில் பெரிய மர்மம் இல்லை. அதையும் அவளிடம் சொன்னேன்.

சினைப்பையும் சேர்ந்துகொள்கிறது

என் படத்தில் வராத ஓர் உறுப்பும் இருக்கிறது. முதல் ஸ்கேனின்போது நானும் உள்ளே இருந்தேன். கருப்பையைக் காட்டிவிட்டு, ஸ்கேன் செய்தவர் கருவியைப் பக்கவாட்டில் நகர்த்தினார். திரையில் கறுப்பாக, ஒன்றையொன்று ஒட்டியபடி பல அறைகள் தெரிந்தன. ஒரு முனையில் சிறிய பெருக்கல் குறி, மறு முனையில் இன்னொன்று, நடுவில் புள்ளிக்கோடு, ஓரத்தில் சென்டிமீட்டர் கணக்கு. மறுபக்கமும் அப்படியே. அவை தீக்கா லூட்டியன் நீர்க்கட்டிகள். எச்.சி.ஜி. அளவுக்கு மீறி ஏறும்போது, கார்பஸ் லூட்டியத்தை மட்டும் தூண்ட வேண்டிய அது இரண்டு சினைப்பைகளையும் விடாமல் தூண்டுகிறது, நுண்ணறைகள் வீங்குகின்றன. தூண்டப்பட்ட சினைப்பை ஈஸ்ட்ரோஜனையும் புரோஜெஸ்டிரோனையும் தன் பங்குக்குச் சுரக்கிறது. சில பெண்களிடம் இயல்பான கர்ப்பத்தைவிட ஈஸ்ட்ரடயால் கூடுதலாகக் காணப்படுவதில் இதற்கும் பங்கு உண்டு. இந்தக் கட்டிகளைப் பார்த்துப் பயந்து அறுவைசிகிச்சைக்கு ஓட வேண்டியதில்லை. முறுக்கிக்கொண்டாலோ உடைந்தாலோ தவிர, எச்.சி.ஜி. இறங்க இறங்க அவையும் சில மாதங்களில் தாமாகச் சுருங்கிவிடும். இப்போது பெரும்பாலான முத்துப்பிள்ளைகள் முதல் மூன்று மாதத்துக்குள்ளேயே ஸ்கேனில் பிடிபடுவதால், இவ்வளவு பெரிய கட்டிகள் முன்பைவிடக் குறைவாகவே தென்படுகின்றன.

அதே எச்.சி.ஜி. தைராய்டையும் தூண்டக்கூடும். இருபதாவது வாரத்துக்கு முன்பே இரத்த அழுத்தம் ஏறுவதும் முத்துப்பிள்ளையில் நடக்கும். அவை தனிக் கதைகள்.

பகுதி முத்துப்பிள்ளையில் கணக்கு கொஞ்சம் மாறுகிறது. அங்கே தாயின் 23 குரோமோசோம்கள் இருக்கின்றன. அவற்றோடு இரண்டு விந்தணுக்களின் 46-ம் சேர்ந்து மொத்தம் 69. சிசுவின் சுவடு இருக்கும். சில சமயம் இதயத்துடிப்பும் சிறிது காலம் இருக்கும். எனவே ஈஸ்ட்ரியாலுக்கான வலப்பக்கக் கட்டத்தை முழுதாக அடித்துவிட முடியாது. மிக அரிதாக, ஒரு முத்துப்பிள்ளையும் ஓர் இயல்பான சிசுவும் இரட்டையாக ஒரே கருப்பையில் வளர்வதுண்டு. அங்கே ஈஸ்ட்ரியால் கொடுக்க ஆள் இருக்கிறது. ஈஸ்ட்ரியாலை மட்டும் பார்த்தால் பக்கத்தில் முத்துப்பிள்ளை இருப்பது தெரியாமலே போகும்.

ஈஸ்ட்ரியாலை அளந்தே முத்துப்பிள்ளையைக் கண்டுபிடிக்கலாமே என்று என் மாணவி ஒருத்தி கேட்டாள். நல்ல கேள்வி. ஈஸ்ட்ரியால் குறைவதற்கு வேறு பல காரணங்கள் உண்டு. 1961-இல் டென்மார்க்கின் ஃப்ரான்ட்சென், ஸ்டாக்கெமான் இருவரும், மூளை வளராத சிசுவைச் சுமக்கும் தாய்மாரிடம் ஈஸ்ட்ரியால் மிகவும் குறைந்திருப்பதைக் கவனித்தார்கள். அந்தச் சிசுக்களுக்கு இதயம் துடிக்கிறது. ஆனால் அட்ரினலைத் தூண்ட வேண்டிய, மூளையடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி சரியாக இயங்காததால் அட்ரினல் சூம்பிக் கிடக்கிறது. சிசுவின் அட்ரினலே மூலம் என்ற எண்ணத்துக்கு வலுச் சேர்த்ததே இந்தக் கவனிப்புதான். வேறு சில கர்ப்பங்களில் நஞ்சுக்கொடியில் சல்ஃபேட்டைக் கழற்றும் நொதி பிறவியிலேயே இருக்காது. ஈஸ்ட்ரியால் தரைமட்டத்தில் இருக்கும். பிறப்பதோ நல்ல ஆரோக்கியமான ஆண் குழந்தை, பின்னாளில் தோல் மட்டும் செதில் செதிலாக உரியும். தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டாலும் அளவு இறங்கும். இப்படிப்பட்ட குழப்பங்களால்தான், சிசுவின் நலனறிய ஒருகாலத்தில் ஓயாமல் செய்யப்பட்ட சிறுநீர் ஈஸ்ட்ரியால் பரிசோதனை கைவிடப்பட்டது. இன்று அது டவுன் நோய்க்குறிக்கான இரண்டாம் மூன்றுமாத இரத்தப் பரிசோதனையில் நான்கில் ஒன்றாக மட்டும் மிஞ்சியிருக்கிறது. முத்துப்பிள்ளையைக் கண்டுபிடிக்க ஸ்கேனும் எச்.சி.ஜி.யும் போதும், உறுதிசெய்வது திசுப் பரிசோதனை. சுத்தம் செய்தபின் கண்காணிப்பதற்கும் ஈஸ்ட்ரோஜன் உதவாது. திசுவை அகற்றியதும் அதன் அளவு வேகமாக விழுந்துவிடும். பின்னர் சினைப்பை தன் வழக்கமான சுழற்சிக்குத் திரும்பி மறுபடி சுரக்கத் தொடங்கும். எது மிச்சமிருக்கும் திசுவின் குரல், எது சினைப்பையின் குரல் என்று ஈஸ்ட்ரடயாலைக் கொண்டு பிரித்தறிய முடியாது.

ஆகவே இந்த ஒப்பீட்டினால் சிகிச்சையில் பெரிய மாற்றம் எதுவும் வரப்போவதில்லை. இருந்தும், முத்துப்பிள்ளை என்று ஒரு பெண்ணிடம் சொல்லும் மருத்துவர் இதற்கு இரண்டு நிமிடம் ஒதுக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன், உறுதியாகவே நினைக்கிறேன். "குழந்தை உருவாகவில்லை, அது வெறும் திசு, எடுத்துவிடுவோம்" என்பது மருத்துவப்படி சரியான வாக்கியம். அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறவளிடம், அவள் உடல் கடந்த இரண்டு மாதங்களாகச் சொன்னதையெல்லாம் நம்ப வேண்டாம் என்று சொன்னதாகிவிடுகிறது. அந்த இடைவெளியில்தான் "எல்லாம் நினைப்பு" போன்ற பேச்சுகள் வந்து புகுகின்றன. அதிக விவரம் சொன்னால் நோயாளி குழம்பிவிடுவார் என்று சிலர் வாதிடுகிறார்கள். என் தங்கைக்கு அரோமடேஸ் என்ற பெயர் அன்றே மறந்துவிட்டது. அம்பு எங்கிருந்து கிளம்பியது என்பது மறக்கவில்லை.

மாத்திரை குறித்த பயம்

ஈஸ்ட்ரோஜன் கதை அத்துடன் முடியவில்லை. சுத்தம் செய்தபின் எச்.சி.ஜி. வாராவாரம் பார்க்கப்பட வேண்டும். இயல்புக்கு வந்தபின்னும் சில மாதங்கள் கண்காணிப்பு தொடரும். அந்தக் காலத்தில் கருத்தரிக்கக் கூடாது, ஏனென்றால் புதிய கர்ப்பத்தின் எச்.சி.ஜி. கண்காணிப்பையே குலைத்துவிடும். டாக்டர் கருத்தடை மாத்திரை எழுதிக்கொடுத்தார். அதில் ஈஸ்ட்ரோஜன் இருக்கிறது என்று படித்ததும் தங்கை மாத்திரையைத் தொடவே மறுத்தாள். "ஏற்கெனவே இந்த ஹார்மோனால்தானே இத்தனையும்? மிச்சமிருக்கும் திசுவுக்குத் தீனி போட்டதாகாதா?" என்றாள். அவள் பயம் அவள் கண்டுபிடித்தது அல்ல. மருத்துவ உலகமே ஒருகாலத்தில் அப்படிப் பயந்தது. 1976-இல் லண்டனிலிருந்து வந்த ஓர் ஆய்வு, எச்.சி.ஜி. இயல்புக்கு வருமுன் மாத்திரை எடுத்தவர்களில் கீமோதெரபி தேவைப்பட்டவர்கள் அதிகம் என்றது. பல ஆண்டுகள் அந்த எச்சரிக்கை நீடித்தது. பிறகு வந்த ஆய்வுகள், பெண்களைக் குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிட்டவை உட்பட, மாத்திரையால் ஆபத்து கூடுவதாகக் காட்டவில்லை. இன்று கருப்பையைச் சுத்தம் செய்தபின் மாத்திரை எடுத்துக்கொள்ளலாம் என்பதே பரவலாக ஏற்கப்பட்ட நிலை. கருப்பைக்குள் வைக்கும் சாதனத்தைத்தான் எச்.சி.ஜி. இயல்பாகும்வரை தவிர்க்கச் சொல்கிறார்கள், துளை விழும் அபாயம் கருதி.

ஈஸ்ட்ரோஜன் முத்துப்பிள்ளையின் விளைவு, காரணம் அல்ல என்பதை அவளுக்குப் புரியவைக்க அந்தப் பழைய தாளையே மறுபடி எடுத்தேன். தவறு நடந்தது கருத்தரித்த நொடியில், குரோமோசோம் கணக்கில். அவள் சாப்பிட்டது, நினைத்தது, ஏங்கியது எதற்கும் அதில் பங்கில்லை. தந்தையின் குரோமோசோம்கள் என்பதால் கணவர்மீது பழி போடவும் இடமில்லை. முட்டையின் உட்கரு ஏன் பறிபோனது என்பதற்கு இருவரில் யாரும் பொறுப்பல்ல. மூன்று நான்கு முறை தொடர்ந்து முத்துப்பிள்ளை வரும் சில குடும்பங்களில் மட்டும் என்.எல்.ஆர்.பி.7 என்ற மரபணுவில் மாற்றம் காணப்படுகிறது. அது மிக அரிது. தங்கை மாத்திரையைத் தொடங்கினாள்.

முழுமையான முத்துப்பிள்ளையில் எச்.சி.ஜி. இயல்புக்கு வர நடுத்தரமாக ஒன்பது வாரங்கள் பிடிக்கும். நூறில் பதினைந்து முதல் இருபது பேருக்கு அது இறங்காமல் நின்றுவிடும் அல்லது ஏறத் தொடங்கும். அவர்களுக்குப் பெரும்பாலும் மெத்தோட்ரெக்ஸேட் என்ற கீமோதெரபி மருந்து கொடுக்கப்படும். கோரியோகார்சினோமா என்ற கொடிய புற்றுநோயையே அந்த மருந்தினால் குணப்படுத்த முடியும் என்று 1956-லேயே மின் சியூ லீயும் ராய் ஹெர்ட்ஸும் அறிவித்துவிட்டார்கள். தங்கைக்கு அது தேவைப்படவில்லை. வாராவாரம் அறிக்கை வந்ததும் எண்ணைப் படித்துச் சொல்வாள். தொலைபேசியில் அவள் குரல் வரும் முன்பே எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். எண் இறங்கிக்கொண்டே வந்தது.

கண்காணிப்பு முடிந்து டாக்டர் அனுமதி கொடுத்தபோது, அடுத்த முறை கருத்தரித்தால் ஈஸ்ட்ரியாலையும் பார்க்க வேண்டுமா என்று அவள் கேட்டாள். டாக்டர் அந்தப் பெயரை அவள் வாயிலிருந்து எதிர்பார்க்கவில்லை. ஒரு கணம் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு பொறுமையாகச் சொன்னார்: தேவையில்லை, மறுபடி முத்துப்பிள்ளை வரும் வாய்ப்பு ஏறக்குறைய நூறில் ஒன்றுதான், ஏழாவது வாரத்தை ஒட்டி ஒரு ஸ்கேன் எடுத்து இதயத்துடிப்பைப் பார்த்துவிடலாம், பிரசவம் முடிந்து ஆறு வாரம் கழித்து ஒருமுறை எச்.சி.ஜி. பார்த்தால் போதும்.